தாபான் மரப்பாலும் கடலடித் தந்தியும்

பொருள்களின் பண்புகளைப் பள்ளிப் பாடநூல் பட்டியலாகத் தருகின்றது. செம்பு மின்சாரத்தைக் கடத்தும். இரும்பு இழுவிசையைத் தாங்கும். ரப்பர் நீண்டு மீளும். மாணவர் அவற்றை மனப்பாடம் செய்கின்றனர். ஆயினும் ஒவ்வொரு பண்புக்கும் பின்னே, அதனைக் கையால் உணர்ந்தவர், கருவியால் அளந்தவர், பயன்படுத்தித் தோற்றவர் எனப் பலருடைய வரலாறு உண்டு. அத்தகைய வரலாறு ஒன்று நாம் வாழும் இவ்வட்டாரத்துக் காடுகளில் தொடங்கியது.

மலாய்த் தீபகற்பம், சுமத்திரா, போர்னியோ ஆகிய இடங்களில் வளரும் தாபான் மரத்தின் பால் உறைந்து கிடைப்பதே கட்டாபெர்ச்சா. வெந்நீரில் இட்டால் அது இளகும். வேண்டிய வடிவில் பிசையலாம். ஆறியதும் அவ்வடிவிலேயே இறுகும். மலாய் மக்கள் இப்பண்பை அறிந்து, பாராங் கத்திக்குப் பிடி செய்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கமரி 1842ஆம் ஆண்டில் அத்தகைய பிடி ஒன்றைக் கண்டு வியந்து, மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். அவர் பெயரை வரலாறு அறியும். அப்பிடியைச் செய்தவரின் பெயரை அறியாது.

கட்டாபெர்ச்சாவும் ரப்பரும் வேதியியலில் உடன்பிறப்புகள். இரண்டும் ஐசோப்ரீன் என்னும் ஒரே அலகு தொடர்ந்து இணைந்த நீண்ட சங்கிலிகளால் ஆனவை. வேறுபாடு அச்சங்கிலியின் அமைப்பில் உள்ளது. ரப்பரின் சங்கிலிகள் சுருண்டு கிடப்பதால் இழுத்தால் நீள்கின்றன, விட்டால் மீள்கின்றன. கட்டாபெர்ச்சாவின் சங்கிலிகளோ நெருக்கமாக அடுக்கிக்கொண்டு படிகமாகின்றன. ஆகவே அது விறைப்பாக இருக்கின்றது. ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் அவ்வடுக்கு குலைந்து பொருள் இளகுகின்றது. அலகு ஒன்றே, அமைப்பு மாறியதால் பண்பு மாறிற்று.

இக்காரணம் 19ஆம் நூற்றாண்டினருக்குத் தெரியாது. ஆனால் பண்பு தெரிந்தது, தேவையும் இருந்தது. நிலத்தில் கம்பங்களின்மேல் சென்ற தந்திக் கம்பியைக் கடலுக்குள் இறக்க முடியவில்லை. கம்பியில் செல்லும் மின்சாரம் உப்புநீரில் கசிந்துவிடும். மின்சாரத்தைக் கடத்தாததும், கடல்நீரில் கெடாததும், கம்பியின்மேல் இடைவெளியின்றிப் பூசத்தக்கதுமான உறை தேவைப்பட்டது. 1847இல் வெர்னர் சீமென்ஸ் செம்புக் கம்பிக்குக் கட்டாபெர்ச்சா உறையிட்டார். மறு ஆண்டில் மைக்கேல் ஃபாரடே அதன் மின்காப்புத் தன்மையை ஆராய்ந்து எழுதினார்.

1850இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இடப்பட்ட வடம் ஏறத்தாழ ஒரே நாளில் அறுந்தது. உறை மின்சாரத்தைக் காத்தது. இழுவிசையைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை. மறு ஆண்டு வடத்தைச் சுற்றி இரும்புக் கம்பிகள் முறுக்கப்பட்டன; அது நிலைத்தது. செம்பு கடத்த, கட்டாபெர்ச்சா காக்க, இரும்பு தாங்க என மூன்று பொருள்கள் தத்தம் பண்பால் ஒன்றின் குறையை ஒன்று நிரப்பின.

அடுத்த பாடம் கடுமையானது. 1858இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த முதல் வடம் சில வாரங்களிலேயே ஊமையாயிற்று. உறை சீராக அமையாத வடத்தில் மிகை மின்னழுத்தம் செலுத்தப்பட்டிருந்தது. செம்பு என்று ஒரே பெயரில் விற்கப்பட்ட கம்பிகள் தூய்மைக்கேற்ப வெவ்வேறு அளவில் மின்சாரத்தைக் கடத்துவதை வில்லியம் தாம்சன் அதற்கு முன்பே காட்டியிருந்தார். தோல்விக்குப் பின்னரே சோதனையும் அளவீடும் கட்டாயமாயின. 1866இல் இடப்பட்ட வடம் நிலைத்துப் பணிசெய்தது. 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கடலடித் தந்தி வந்தது. கப்பலுக்காகக் காத்திருந்த செய்தி இந்நகரின் காட்டுப் பொருளை உறையாகக் கொண்ட கம்பியில் வந்து சேர்ந்தது.

ஆனால் அந்தக் காடு அப்போது எங்கே இருந்தது? தாபான் மரத்தின் பால் கீறிய இடத்திலேயே விரைவில் உறைந்துவிடும், ஒழுகி வராது. ஆகவே மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பட்டையில் வளையங்கள் கீறிப் பால் எடுத்தனர். 1850களின் இறுதிக்குள் சிங்கப்பூரில் அம்மரம் அரிதாயிற்று. பின்னர் கோடரி தீபகற்பத்துக்கும் சுமத்திராவுக்கும் போர்னியோவுக்கும் சென்றது. செம்பின் தூய்மையை அளந்தவர்கள், ஒரு மரம் வளர எடுக்கும் ஆண்டுகளைக் கணக்கில் கொள்ளவில்லை.

ரப்பரின் கதை வேறு. 1877இல் அதன் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவி மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி செப்பம் செய்தார். மலாயாத் தோட்டங்களில் அந்தச் சீவுகத்தியை ஏந்தியவர்களுள் நம் முன்னோர் பெருந்தொகையினர். எவ்வளவு ஆழம் சீவினால் பால் வரும், எவ்வளவு சீவினால் மரம் புண்படும் என்பதை அவர்கள் கை அறிந்திருந்தது. அதுவும் பொருளறிவே.

1956இல் அட்லாண்டிக்கில் இடப்பட்ட தொலைபேசி வடத்திற்குப் பாலிஎத்திலீன் உறையிடப்பட்டது. கட்டாபெர்ச்சாவின் கடற்காலம் முடிந்தது. இன்று பல் மருத்துவர் வேர்க்குழியை நிரப்பப் பயன்படுத்தும் பொருளாக அது எஞ்சியிருக்கிறது.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு பொருளை எடுத்துக் காட்டும்போது, அது வளையுமா, கடத்துமா, எத்தனை வெப்பத்தில் இளகும் என்று கேட்பது முறையே. அது எங்கிருந்து வந்தது, எடுத்ததற்கு ஈடாக மீண்டும் விளையுமா என்னும் வினாக்களையும் உடன் சேர்த்துக் கேட்டால், தாபான் மரம் கற்பித்த பாடம் வீணாகாது.