பூப்பந்து: தஞ்சையில் ஆடிய ஆட்டம்

பால் பேட்மிண்டன் என்றதும் நம் மாணவர்களில் பாதிப்பேர், 'ஷட்டில்தானே ஐயா?' என்று கேட்கிறார்கள். ஷட்டில் இல்லை. இதில் இறகு கிடையாது. மஞ்சள் கம்பளி நூலை இறுகச் சுற்றிச் செய்த, எலுமிச்சையைவிடச் சற்றே பெரிய பந்து. பக்கத்துக்கு ஐவர். தமிழில் இதைப் பூப்பந்து என்பார்கள். புதுப்பந்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்காது. நாலு நாள் அடிபட்டு நூல் பிரிந்து மலர்ந்த பந்தைப் பார்த்தால், செண்டுமல்லி ஒன்று வலைக்கு மேலே போய் வருவதாகவே தோன்றும்.

நாம் வளர்ந்தது கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். 1990களின் தொடக்கத்தில் அங்கே பள்ளிக்கூடத்தின் பின்புறம், வேப்பமரத்தடியில், இரண்டு இரும்புக் கம்பங்கள் நிரந்தரமாக நின்றுகொண்டிருந்தன. மாலை நாலரை மணிக்கு முதலில் வருபவர் டிரில் மாஸ்டர். அவருக்குப் பின்னால் கூட்டுறவு வங்கி எழுத்தர், கடைத்தெருத் தையற்காரர், அரவை மில் கணக்குப்பிள்ளை, தபால்காரர் என்று ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். சுண்ணாம்புக்குக் காசு செலவழிக்க எவருக்கும் மனம் வராது. மில்லிலிருந்து உமிச்சாம்பல் வாங்கிவந்து கோடு போடுவோம். சிறுவர்களாகிய எங்களுக்கு வேலை, கோட்டுக்கு வெளியே விழுந்த பந்தை ஓடிப்போய் எடுத்துவருவது. வாய்க்காலில் விழுந்த பந்தை உடனே கொடுக்கக்கூடாது. பிழிந்து, சட்டையில் துடைத்து, சற்று வெயில் காட்டிய பிறகே கொடுக்க வேண்டும். ஈரப்பந்தை அடித்தால் மட்டையின் நரம்பு அறுந்துவிடும் என்பது தையற்காரரின் தீர்மானமான கருத்து. நரம்பு கட்டுவதற்குக் கும்பகோணம் போக வேண்டும் என்பதால் அந்தக் கருத்தை எவரும் மறுத்துப் பேசியதில்லை.

முன்னால் இருவர், நடுவில் ஒருவர், பின்னால் இருவர் என்பதே எங்கள் ஊர் நிற்கும் முறை. பின்னால் நிற்பவர்கள் பந்தை உயரத் தூக்கி எதிரியின் கடைக்கோட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். முன்னால் நிற்பவர்கள் காத்திருந்து, தக்க சமயத்தில் வலையோரம் வெட்டிப் போடுவார்கள். நடுவில் நிற்பவருடைய வேலைதான் கடினம். எது தம்முடையது, எது பின்னால் நிற்பவருடையது என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்து, 'விடு' என்றோ 'எனது' என்றோ கத்த வேண்டும். எங்கள் ஊரில் நடுவில் நின்றவர் தபால்காரர். பகலில் சில வீடுகளின் வாசற்படிக்குக் கீழேயே நின்று கடிதம் கொடுக்கும் வழக்கமுடைய அவர், மாலையில் அந்த வீட்டுக்காரர்களைப் பார்த்து 'விடு, விடு' என்று அதட்டுவார். அவர்களும் மட்டையைத் தாழ்த்தி விலகுவார்கள். ஆட்டம் முடிந்ததும் அவரவர் தெருவுக்கு அவரவர் போய்விடுவார்கள். அதற்கு மேல் அதில் சமத்துவம் தேடினால் நாம் பொய் சொன்னவர்களாவோம். ஆனால் அந்த ஒரு மணி நேர அதட்டல் பொய்யன்று.

இந்த ஆட்டத்தின் பிறப்பிடம் தஞ்சாவூர் என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தோம். தஞ்சை அரச குடும்பத்தார் 1856ஆம் ஆண்டிலேயே இதை ஆடினார்கள் என்று இவ்வாட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, இரண்டாம் வரியில் ஆடுகளத்தின் அளவுகளுக்குப் போய்விடுகிறார்கள். நமக்கு அந்த ஆண்டைத் தாண்டிப் போக முடிவதில்லை. 1856இல் தஞ்சாவூரில் அரசர் என்று எவரும் இல்லை. மராட்டிய மரபின் கடைசி மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தார். வாரிசில்லை என்பதைக் காரணம் காட்டிக் கம்பெனியார் அரசுரிமையை முடித்துவைத்தார்கள். அடுத்த ஆண்டு கம்பெனியின் ஆணையாளர் சிப்பாய்களோடு அரண்மனைக்குள் புகுந்து, உடைமைகளுக்கு முத்திரையிட்டார். அரசி காமாட்சி பாய் சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வெற்றியும் பெற்றார். கம்பெனித் தரப்பு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. இது ஓர் அரசின் செயல், இதை விசாரிக்கும் அதிகாரம் உள்ளூர் நீதிமன்றத்துக்கு இல்லை என்று 1859இல் அங்கே தீர்ப்பாயிற்று. (சட்டம் பயிலும் மாணவர்கள் இந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள்.) பிறகு 1862இல் அந்தச் சொத்துக்கள் அரசிகளுக்கே திருப்பி அளிக்கப்பட்டன.

ஆக, பூப்பந்தின் வரலாற்றில் முதலில் குறிக்கப்படும் ஆண்டும், அதை ஆடியதாகச் சொல்லப்படும் வீட்டின் பெட்டிகளுக்கும் பேழைகளுக்கும் அரக்கு முத்திரை விழுந்த ஆண்டும் ஒன்றே. நாட்டையும் நிலத்தையும் இழந்த குடும்பம் அரண்மனை முற்றத்தில் பந்தாடிக்கொண்டிருந்தது என்ற சித்திரத்தைச் சிலர் கேலியாகப் பார்க்கக்கூடும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஆள்வதற்கு ஒன்றும் இல்லாத நீண்ட மாலைகளை வேறு எப்படித்தான் கழிப்பது?

அதே காலகட்டத்தில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகளும் வலை கட்டி மட்டையால் ஆடிக்கொண்டிருந்தார்கள். இறகுப்பந்தையும் கம்பளிப்பந்தையும் அவர்கள் மாற்றி மாற்றி ஆடினார்கள். காற்று வீசினாலும் மழை ஈரமிருந்தாலும் கம்பளிப்பந்து. காரணம் எளியது. இறகுப்பந்தின் எடை ஐந்து கிராம் அளவில்தான். பூப்பந்தின் எடை 27 முதல் 30 கிராம். முன்னதைக் காற்று தன் விருப்பத்துக்குக் கொண்டுபோகும், பின்னதை அவ்வளவு எளிதில் அசைக்காது. அந்த அதிகாரிகள் ஊர் திரும்பியபோது இறகுப்பந்து அவர்களோடு கப்பலேறிற்று. பூனாவில் ஆடியபோது 'பூனா' என்றே பெயர் பெற்றிருந்த ஆட்டம், இங்கிலாந்தில் பியூபோர்ட் பிரபுவின் மாளிகையாகிய பேட்மிண்டனின் பெயரைச் சூட்டிக்கொண்டது. 1893இல் அங்கே சங்கம் அமைந்தது; 1899இல் ஆல் இங்கிலாந்துப் போட்டி தொடங்கிற்று; 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாகவும் ஆகிவிட்டது. கம்பளிப்பந்தோ இங்கேயே தங்கிவிட்டது. தன் வீட்டு ஆட்டத்துக்கு யாரோ ஒரு பிரபுவின் மாளிகைப் பெயரை மட்டும் பின்னொட்டாக வாங்கிக்கொண்டு, பால் பேட்மிண்டன் என்று, ஏதோ அதன் கிளைபோல நிற்கிறது. வயதில் மூத்தவர் இளையவரின் பெயரைச் சொல்லித் தம்மை அறிமுகம் செய்துகொள்ள நேர்ந்தது போன்ற நிலை இது. விளையாட்டுகளின் வரலாற்றில் முதலில் ஆடியவரைவிட முதலில் விதி எழுதியவருக்கே இடம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இந்திய அளவில் பூப்பந்துக்குக் கூட்டமைப்பு 1954இல் அமைந்தது. தென்மாநிலங்களில்தான் இது வேர்பிடித்தது. தமிழகமும் ஆந்திரமும் கருநாடகமும் முன்னின்றன. 1970இல் இவ்வாட்டத்துக்காக அர்ச்சுனா விருது பெற்ற பிச்சய்யா, நூறு வயதைக் கடந்து வாழ்ந்து, 2021 டிசம்பரில் வாரங்கல்லில் மறைந்தார். விளையாட்டு வீரருக்கான ஒதுக்கீட்டில் மத்திய அரசுப் பணிக்குத் தகுதியான ஆட்டங்களின் பட்டியலில் பூப்பந்து இடம்பெற்றது. (நம் கிளித்தட்டின் வடநாட்டு உறவான ஆட்யா பாட்யாவும் அதே பட்டியலில் உண்டு என்பது கிளித்தட்டு ஆடிக் கால் தேய்ந்தவர்களுக்கு மகிழ்ச்சி தரலாம்.) இரயில்வே அணியில் சேர்ந்துவிட்டால் வாழ்க்கை அமைந்துவிடும் என்ற நம்பிக்கையோடு டெல்டா ஊர்களில் ஒரு தலைமுறையே மட்டை பிடித்தது. எங்கள் ஊர்த் தையற்காரரின் மகன் அப்படிப் போனவர்தாம். சர்வதேசப் பதக்கம் கிடைக்காத ஓர் ஆட்டத்தை ஒருவன் பத்தாண்டுகள் விடாமல் ஆட வேண்டுமென்றால் மாதச் சம்பளம் என்ற நினைப்பும் வேண்டும். அதில் இழிவு ஒன்றுமில்லை.

தமிழ் படித்தவர்கள் பந்து என்றதும் இலக்கியத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் கந்துக வரி இருக்கிறது. வஞ்சிமகளிர் பந்தடித்தபடி பாண்டியனை வாழ்த்துகிறார்கள். பெருங்கதையில் மானனீகை பந்தடித்ததைச் சொல்லத் தனியே ஒரு பகுதியே உண்டு. குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லியும் பந்தாடிக்கொண்டேதான் நமக்கு அறிமுகமாகிறாள். இந்தப் பந்துகளுக்கு வலையில்லை, எதிரணியில்லை. கையால் அடித்து எழுப்பும் பந்துகள். பூப்பந்தின் மூதாதை இவைதாம் என்று நிறுவப் புறப்படுவோரும் இருக்கலாம். நமக்கு அந்த ஆசை இல்லை. நாம் கவனிப்பது வேறொன்றை. நம் காவியங்களில் பந்து பெண்கள் கையில் இருக்கிறது. எங்கள் ஊர் வேப்பமரத்தடியிலோ, நாம் பார்த்த அத்தனை ஆண்டுகளில், ஒரு பெண் பந்தைத் தொட்டதில்லை. ஆண்கள் ஆடும் நேரத்தில் அந்த வழியாகத் தண்ணீர்க்குடம் எடுத்துப் போகிறவர்கள்கூடச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

நாம் பணியாற்றும் கல்லூரியில் நிலைமை தலைகீழ். இங்கே பூப்பந்துக் களத்தை அதிகம் பயன்படுத்தியவர்கள் பெண்கள் அணியினர். மாணவர்கள் கிரிக்கெட் பக்கம் போய்விட்டார்கள். மாணவியர் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வருபவர்கள், வகுப்பு முடிந்து பேருந்து வருவதற்கு இடைப்பட்ட ஒன்றேகால் மணி நேரத்தில் ஆடிவிட்டுப் போவார்கள். பூப்பந்துக் களம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். இறகுப்பந்துக் களத்தைப்போல மூன்றரை மடங்கு. உள்ளரங்கு கட்டுபவர்கள் இதற்கு இடம் ஒதுக்க மாட்டார்கள். இதற்கு வேண்டியது சமதளமான மண்ணும் இரண்டு கம்பங்களுந்தான். ஆனால் அந்த மண் நிறைய வேண்டும். அதுவே இதன் பலம். அதுவே இதற்கு வினையாகவும் முடிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், வாகன நிறுத்துமிடம் போதவில்லை என்று கல்லூரியில் ஒரு குழு அமைத்தார்கள். அதில் நாமும் உறுப்பினர். வரைபடத்தைப் பார்த்தபோது வாயிலுக்கு அருகே, மரமோ கட்டடமோ குறுக்கிடாத செவ்வகமாக அந்தக் களம் தெரிந்தது. 'அங்கே யார் ஆடுகிறார்கள்?' என்று ஒருவர் கேட்டார். 'மாலையில் சிலர்' என்று ஒருவர் சொன்னார். அது யார் என்பது நமக்குத் தெரியும். தஞ்சாவூரும் தெரியும், 1856உம் தெரியும். அதைப் பற்றி இலக்கிய மன்றத்தில் முக்கால் மணி நேரம் பேசியும் இருக்கிறோம். மாற்று இடம் பின்னர் ஒதுக்கப்படும் என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரி நம் மனச்சான்றுக்குப் போதுமானதாக இருந்தது. கையெழுத்திட்டோம்.

அடுத்த வாரம் சிமெண்ட் கற்கள் வந்து இறங்கின. அன்று மூன்றாமாண்டு வகுப்பில், வேறெதுவும் கிடைக்கவில்லையா என்று தோன்றும்படியாக, வாழ்த்துக் காதைதான் பாடம். வகுப்பு முடிந்ததும் அணியின் தலைவி வராந்தாவில் காத்திருந்தார். கோபமாகப் பேசவில்லை.

'பசங்க ஆத்தங்கரையில போயி ஆடிக்குவாங்கய்யா. நாங்க எங்கங்கய்யா போறது?'

மாற்று இடம் வரும் அம்மா, தீர்மானத்திலேயே இருக்கிறது என்றோம். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மாற்று இடம் ஒதுக்கப்படவில்லை. நாம் இரண்டு முறை நினைவூட்டுக் கடிதம் எழுதினோம். மூன்றாவது முறை எழுதவில்லை. அந்தப் பெண் படிப்பை முடித்து, இப்போது திருவாரூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். சென்ற தையில் ஒரு திருமண வீட்டில் பார்த்தோம். அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கிக் கொடுத்து ஆடச் சொல்கிறாராம். 'ஆட்டம் முன்ன மாதிரி இல்லீங்கய்யா, செட்டுக்கு 35 புள்ளி ஆயிடுச்சு' என்றார். எங்கள் ஊர்த் தபால்காரர் காலத்தில் அது 29. வேறு எதையும் அவர் நினைவுபடுத்தவில்லை; நாமும் பந்தி தொடங்கிவிட்டதைக் காரணமாக்கி எழுந்துவிட்டோம்.

கல்லூரியில் அந்த இரண்டு கம்பங்களை மட்டும் அகற்றவில்லை. கான்கிரீட்டில் ஆழப் பதித்திருந்தார்கள், பெயர்த்தெடுக்கக் கூலி அதிகம் என்று விட்டுவிட்டார்கள். அவற்றைச் சுற்றி இரு சக்கர வாகனங்கள் நிற்கின்றன. விடுமுறை நாள்களில் இரவுக் காவலர், வலை கட்டும் கொக்கிகளில் கயிற்றை இழுத்துக் கட்டி வேட்டி உலர்த்துகிறார். சென்ற ஞாயிறன்று விடைத்தாள் கட்டு எடுக்கப் போனபோது அந்தக் கயிற்றின் கீழே நின்று பார்த்தோம். ஆறடி, தலைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி, அப்படியேதான் இருக்கிறது.