காலிப் பாட்டிலின் விலை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் வரிசையாகத் தொழிற்சாலைகள். உள்ளே ஒரு திருகாணி குறைந்தாலும் கணக்குக் கேட்பார்கள். வெளியே சாலையோரம் வீசி எறிகிற மதுப் பாட்டிலுக்கு நெடுநாள் வரை கணக்குக் கேட்பார் இல்லை. தமிழ்நாட்டில் அந்தக் கணக்கைக் கேட்க வைத்தது யானை என்றால் வாசகர்கள் சிரிக்கக் கூடாது.

முன்னொரு காலத்தில் பாட்டிலுக்கு மரியாதை இருந்தது. 1872-ல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற கோலி சோடா நம் பெட்டிக்கடைகளுக்கு வந்தபோது, உள்ளே இருந்த சோடாவைவிடப் புட்டிதான் விலை கூடியது. குடித்து முடிக்கும் வரை கடைக்காரர் கண் நம் கையை விட்டு அகலாது. வீட்டுக்குக் கொண்டுபோவதானால் முன்பணம் வைக்க வேண்டும். சட்டமா, உத்தரவா? அந்தக் கண்தான் சட்டம்.

2003-ல் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. வாங்குவது ஓரிடம், குடிப்பது ஓரிடம், பார்த்துக்கொண்டிருக்க யாருமில்லை. நீலகிரிக் காடுகளில் உடைந்த கண்ணாடி யானைகளின் பாதத்தில் ஏறிற்று. விஷயம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பலனாக 2022 மே மாதம் நீலகிரியில் புது ஏற்பாடு: பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல், காலியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பும்.

பாட்டில்கள் திரும்பின. குடித்தவன் வீசினாலும், குனிந்து எடுக்க இன்னொருவன் வந்தான். பிறகு கோயம்புத்தூர், பெரம்பலூர் என்று திட்டம் பரவியது. கடைச் சிப்பந்திகள் முணுமுணுத்தார்கள்: நாற்றமடிக்கும் பாட்டில்களை எண்ணி அடுக்க இடம் எங்கே, ஆள் எங்கே? நியாயமான கேள்விதான். யானையின் காலுக்காக இவர்கள் முதுகு ஒடிய வேண்டியதில்லை.

எனக்குள்ள கவலை வேறு. அமெரிக்காவில் ஓரிகான் மாநிலம் 1971-லேயே இப்படிச் சட்டம் செய்தது. பாட்டிலுக்கு ஐந்து சென்ட். ஆரம்பத்தில் அது காசாக இருந்தது. விலைவாசி ஏற ஏற, அந்த ஐந்து சென்ட்டுக்குக் குனிய ஆளில்லை. 2015-ல் நூற்றுக்கு 64 வீதம்தான் திரும்பின. நல்லவேளை, இரண்டு வருஷம் தொடர்ந்து 80-க்குக் கீழே போனால் தொகை இரட்டிக்கும் என்று 2011-லேயே எழுதி வைத்திருந்தார்கள். 2017 ஏப்ரலில் பத்து சென்ட் ஆயிற்று. மறு வருஷமே கணக்கு 80-ஐத் தாண்டிவிட்டது.