அட்டையில் படமாக இருந்தவர்கள்

'கார்டு' என்றால் இன்றைய மாணவமணிகளுக்கு ஏ.டி.எம். கார்டுதான் ஞாபகம் வரும். எங்கள் செட்டுக்கு அது தபால் கார்டு! 1869-ல் ஆஸ்திரியாவில் பிறந்து, 1879-ல் காலணா விலையில் நம் நாட்டுக்கு வந்தது.

கார்டு கடல் தாண்ட வழிசெய்தது, 1874-ல் பெர்ன் நகரில் 22 நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம். அதற்கு முன் நாட்டுக்கு நாடு தனி ஒப்பந்தம், தனிக் கட்டணம். 1876-ல் இந்தியாவும் சேர்ந்தது.

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் படக் கார்டு மோகம் கிளம்பியது. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ், வீலே அண்ட் க்ளைன் போன்றோர் அச்சிட்டு விற்றார்கள். வாங்கி ஊருக்கு அனுப்பியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். படத்தில் இருந்தது யாருங்க? நம்ம ஆட்கள்தான்! துணி வெளுப்பவர், ஆயா, பட்லர். அடியில் தொழில் பெயர் இருக்கும். அந்த மனிதரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. 2018-ல் லண்டனில் இக்கார்டுகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். நம்மைப் பற்றி எவரோ எழுதி, எவரோ படித்த கார்டுகள் அவை. நாம் அதில் வாய் திறக்கவே இல்லை.

பேனா நம் கைக்கு வர வெகுகாலம் ஆயிற்று. பேனா நட்பு ஒரு வழி. 2005-ல் போர்ச்சுகல் மாணவர் பாலோ மகல்யாயிஷ் தொடங்கிய 'போஸ்ட்கிராசிங்' இன்னொரு வழி. முன்பின் தெரியாத ஒருவருக்கு நாம் கார்டு போட வேண்டும். அது சேர்ந்ததும், வேறு எங்கிருந்தோ வேறொருவர் நமக்குப் போடுவார். இப்படி 7 கோடிக்கும் மேற்பட்ட கார்டுகள் போய்ச் சேர்ந்துவிட்டன.

ஒரு கார்டில் என்ன பெரிதாகக் கற்றுவிட முடியும் என்பீர்கள். ஃபின்லாந்துக்காரரிடம் 'வீட்டில்' என்பதற்கு அவர் மொழியில் என்ன என்று கேட்டுப் பாருங்கள். 'தலோ' என்றால் வீடு, 'தலோஸ்ஸா' என்றால் வீட்டில். நம் தமிழ் போலவே வேற்றுமை உருபு வாலில் ஒட்டுகிறது! ஆங்கிலம் மட்டும் படித்திருந்தால் இது தெரியுமா?

பதிலுக்கு நாம் சொல்ல வேண்டாமா? 'செங்கோடு' என்றால் சிவந்த மலை. மலைமேல் பாதி ஆண், பாதி பெண்ணாக அர்த்தநாரீசுவரர். அடிவாரத்திலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. நாலு வரியில் இதை எழுதிப் பாருங்கள், சொந்த ஊரே புதிதாகத் தெரியும்.

டென்மார்க்கில் அரசு சார்ந்த அஞ்சல் நிறுவனம் 2025 டிசம்பரோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. நம் தபால்காரர் இன்னும் வருகிறார். ஆகவே தம்பி தங்கைகளே, முகவரியை ஆங்கில எழுத்தில், நாட்டின் பெயரைக் கடைசி வரியில் எழுதுங்கள். சேதியில் ஒரு வரியாவது தமிழ் இருக்கட்டும், அடியில் உங்கள் பெயரோடு.