அட்ஜெக்டிவ்

நவுன் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீனின் 'நோமென்'. பொருள், பெயர். நம் 'பெயர்ச்சொல்'லும் அதையே சொல்கிறது.

அட்ஜெக்டிவின் கதை இன்னும் சுவையானது. 'அட்' என்றால் பக்கத்தில். 'யாக்கெரே' என்றால் எறிதல். பெயருக்குப் பக்கத்தில் தூக்கிப் போட்டது! 'பெயரடை' என்ற நம் சொல் கொஞ்சம் மரியாதையானது.

லத்தீனில் நவுன், அட்ஜெக்டிவ் இரண்டும் ஒரேவிதமாக வேற்றுமை ஏற்கும். அதைப் பார்த்து எழுதிய பழைய ஆங்கில இலக்கணக்காரர்கள் இரண்டையுமே நவுன் என்றார்கள்: ஒன்று தனித்து நிற்பது, மற்றது ஒட்டி நிற்பது. 18ஆம் நூற்றாண்டில்தான் அட்ஜெக்டிவின் தனிக்குடித்தனம் நிலைத்தது.

குழப்பம் தீர்ந்ததா என்ன? 'ஸ்டோன் வால்' என்பதில் ஸ்டோன், அடையின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பெயர். முன்னால் 'வெரி' போட்டுப் பாருங்கள், ஒட்டாது. 'ஓல்டு வால்' என்பதில் ஓல்டுக்கு அது தாராளமாக ஒட்டும்.