சித்தோரின் வண்டிக் கொல்லர்

தலைநகர்ச் சாலைகளின் ஓரத்தில் பழைய மரவண்டி ஒன்று நிற்கும். அதன் நிழலில் கணவன் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கொறடால் பிடித்திருப்பான். மனைவி சம்மட்டியை ஓங்கி அடிப்பாள். வடபுலத்தில் வாழும் நம்மவருள் இக்காட்சியைக் காணாதார் சிலரே. இவர்களிடம் இரும்புச் சட்டியும் இடுக்கியும் வாங்கிய இல்லங்கள் நம்மிடையே உண்டு. இவர்கள் காடுலியா லோஹார் எனப்படுவர். 'காடி' என்பது வண்டி. 'லோஹார்' என்பது கொல்லர். வண்டிக் கொல்லர் என்று நாம் தமிழில் வழங்கலாம்.

இவர்கள் தங்களை வெறுங்கொல்லர் என்று எண்ணுவதில்லை. மேவார் நாட்டுப் படைக்கு வாளும் வேலும் வடித்துக் கொடுத்த இராஜபுத்திர மரபினர் என்பர். சௌகான், சோலங்கி, ராத்தோர் என்ற குலப்பெயர்களை இன்றும் தாங்கியுள்ளனர். இவர்தம் கதை சித்தோர்க் கோட்டையின் வீழ்ச்சியோடு தொடங்குகிறது.

1567 அக்டோபரில் அக்பரின் படை சித்தோரை முற்றுகையிட்டது. ராணா உதயசிங் மலைநாட்டுக்குச் சென்றுவிட, ஜெய்மல், பத்தா ஆகிய தலைவர்கள் கோட்டையைக் காத்து நின்றனர். 1568 பிப்ரவரியில் கோட்டை வீழ்ந்தது. மகளிர் தீப்புகுந்தனர். அதன்பின் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 30,000 பேர் என அக்பரின் அவைக்களப் புலவர் அபுல் பசலே எழுதிவைத்துள்ளார். அந்நாளில் தம் முன்னோர் சூளுரைத்தனர் என்று வண்டிக் கொல்லர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். சித்தோர் மீளும்வரை கோட்டைக்குள் அடிவைப்பதில்லை, வீடு கட்டி வாழ்வதில்லை, கட்டிலில் துயில்வதில்லை, இரவில் விளக்கேற்றுவதில்லை, கிணற்று நீர் சேந்தக் கயிறு வைத்துக்கொள்வதில்லை என்பன அச்சூளுரைகள். கட்டிலைக் கவிழ்த்து வண்டியின்மேல் வைத்துச் செல்லும் வழக்கம் இதன் அடையாளம் என்பர்.

இச்செய்தியை வரலாற்றோடு வைத்துப் பார்க்குங்கால் ஒரு வினா எழுகிறது. 1572இல் பட்டமேறிய ராணா பிரதாப் 1576இல் ஹல்திகாட்டியில் பொருதார். 1597இல் மறையும் முன் மேவாரின் பெரும்பகுதியை மீட்டார். சித்தோரை மீட்க இயலவில்லை. அவர் மகன் அமர்சிங் 1615இல் ஜஹாங்கீரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். கோட்டையைச் செப்பனிடலாகாது என்ற நிபந்தனையின் பேரில் சித்தோர் மேவாருக்கே திரும்பியது. பின்னர் மதில்களைப் பழுதுபார்க்க முற்பட்டபோது, 1654இல் ஷாஜஹான் படையனுப்பி அவற்றை இடித்தார். எவ்வாறாயினும், 1615இலேயே அரசருக்குக் கோட்டை கிடைத்துவிட்டது. எனினும் கொல்லரின் வண்டி நிற்கவில்லை. அஃது ஏன்?

விடை அவர்களது உலைக்களத்தில் உள்ளது என்று நாம் கருதுகிறோம். ஒரு சிற்றூரின் கொழுவும் அரிவாளும் கோடரியும் சில நாள்களில் செப்பனிட்டு முடிந்துவிடும். அடுத்த வேலைக்கு அடுத்த ஊருக்குத்தான் செல்லவேண்டும். ஆண்கள் வழியில் காளை வாணிகமும் செய்தனர். ஆதலின் சூளுரை அவர்களுக்குப் பெருமை தந்தது. சுற்றுப்பயணம் சோறு தந்தது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

ஆங்கிலேயர் ஆட்சி, அலைந்து திரியும் மக்கள் அனைவரையும் ஐயத்தோடு நோக்கியது. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம், பிறப்பாலேயே ஒரு கூட்டத்தைக் குற்றவாளிகள் என அறிவிக்க இடம் தந்தது. 1911இல் அச்சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. போர்க்குடி மரபினரான நம் மதுரைப் பகுதிக் கள்ளர் அதனை எதிர்த்து, 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானதை நாம் அறிவோம். நாடு முழுவதற்குமாக அச்சட்டம் நீங்கியது 1952இல்தான். சட்டம் போயினும், முகவரியற்றவன் மீதான ஐயம் அலுவலகங்களிலும் காவல் நிலையங்களிலும் தங்கிவிட்டது.

விடுதலை பெற்ற அரசு வண்டிக் கொல்லரைப் பெருமைப்படுத்த விழைந்தது. 1955 ஏப்ரலில் சித்தோரில் அவர்கள் வண்டிகளோடு பெருந்திரளாகக் கூடினர். பிரதமர் நேரு அவர்களைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றார். ஏறத்தாழ 387 ஆண்டுகளுக்குப் பின் சூளுரை நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. ஓர் அரசு, எளிய மக்களின் வாக்குறுதியை மதித்து, நாட்டின் தலைவரையே வழிகாட்டியாக அனுப்பியது நெஞ்சை நெகிழச் செய்யும் செயல் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் விழா முடிந்தபின் நிகழ்ந்தது வேறு. நிலமும் குடியிருப்புகளும் வழங்கத் திட்டங்கள் தீட்டப்பட்டன. ஓரிடத்தில் அமர்ந்த கொல்லனுக்கு ஆண்டு முழுதும் வேலை தர ஓர் ஊரால் இயலவில்லை. உழவோ அவன் பழகாத தொழில். பலர் மீண்டும் வண்டியேறினர். அரசு சூளுரையைக் கண்டது, உலையைக் காணவில்லை. பின்னர் ஆலைகளில் செய்த மலிவான கருவிகள் சந்தையை நிறைத்தன. டிராக்டர் வந்து கொழுவின் தேவையைக் குறைத்தது. இன்று பல வண்டிகள் நகரத்து நடைபாதைகளில் அசையாமல் நிற்கின்றன. அவற்றை இழுக்கக் காளைகளும் இல்லை.

ரெங்கே தலைமையிலான தேசிய ஆணையம் 2008இல் தந்த அறிக்கை, நாடோடி மக்கள் பலருக்கு நிலமோ குடும்ப அட்டையோ இல்லாத நிலையை எடுத்துரைத்தது. 2019இல் இவர்களுக்கென நல வாரியம் ஒன்றும் அமைந்தது. எனினும் சாலையை விரிவாக்கும்போது முதலில் அகற்றப்படுவன நடைபாதைக் குடில்களே.

அரசுப் படிவங்களோடு நாள்தோறும் பழகும் நம் போன்றோர் 'நிலையான முகவரி' என்னும் கட்டத்தின் வலிமையை அறிவோம். ஊர்விட்டு ஊர்வந்த நாமும் அக்கட்டத்தில் தஞ்சை என்றோ நெல்லை என்றோ எழுதுகிறோம். அங்கே நமக்கு வீடு இல்லாமற் போயினும், எழுத ஓர் ஊர் உண்டு. வண்டிக் கொல்லரிடம் உள்ள பெயரோ சித்தோர் ஒன்றே; எந்தப் படிவமும் அதனை முகவரியாக ஏற்பதில்லை. அவர்களுக்கு இனி வேண்டியது இன்னொரு பாராட்டு விழா அன்று. உலை மூட்ட ஓரிடம், செய்த பொருளை விற்க ஒரு சந்தை, அஞ்சற்காரர் தேடி வரத்தக்க ஒரு கதவு எண் ஆகியவையே வேண்டும். அவற்றைப் பெற்றுத் தருவதே, 1955இல் நாடு அவர்களுக்கு அளித்த மதிப்பை முழுமையாக்கும்.