சிறுசரக்குந்துகளில் பெரிய சக்கரங்களுக்கான டயர் தேர்வு

சிறுசரக்குந்துகளில் பெரிய சக்கரங்களுக்கான டயர் தேர்வு என்பது, பிக்கப் என வழங்கப்படும் சிறு சரக்கு வண்டிகளில் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட சக்கரங்களை நீக்கிவிட்டு, விட்டத்திலோ அகலத்திலோ பெரிய சக்கரங்களைப் பொருத்தும்போது, அவற்றுக்கு ஏற்ற டயர்களைத் தெரிந்தெடுக்கும் முறையாகும். தோற்றப் பொலிவு, தரையிலிருந்து கூடுதல் உயரம், மணலிலும் சேற்றிலும் கூடுதல் பிடிப்பு ஆகியவை இம்மாற்றத்துக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்களாகும்.

பயணத்துக்கு மட்டும் பயன்படும் வண்டிகளில் புதிய டயரின் மொத்த விட்டம் பழையதற்கு ஒத்திருக்கிறதா என்பதே முதலில் பார்க்கப்படுகிறது. சுமை ஏற்றும் வண்டிகளுக்கு இது போதாது. விட்டம் சரியாகப் பொருந்தும் டயர், வண்டியின் சுமையைத் தாங்க இயலாததாக இருக்கக்கூடும். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஜெகதாப்பட்டினம் போன்ற மீன்பிடித் துறைகளில், மீனும் பனிக்கட்டியும் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு இவ்வேறுபாடு மிகவும் முக்கியமானது.

பின்னணி

காற்றடைத்த டயருக்கு 1845ஆம் ஆண்டில் இராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்றார். அது நடைமுறையில் பரவவில்லை. 1888ஆம் ஆண்டில் ஜான் பாய்டு டன்லப் மிதிவண்டிக்காக அதனை மீண்டும் உருவாக்கிய பின்னரே காற்றடைத்த டயர் பெருவழக்குப் பெற்றது. இன்று பெரும்பாலான வண்டிகளில் உள்ள ரேடியல் டயருக்கு மிச்செலின் நிறுவனம் 1946ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது. அதே ஆண்டில் சென்னை திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய எம்ஆர்எஃப், பின்னர் இந்தியாவின் முதன்மை டயர் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

இந்தியச் சிற்றூர்களில் சிறுசரக்குந்துகளின் பெருக்கத்துக்கு டாட்டா ஏஸ் வண்டி ஒரு முக்கிய காரணமாகும். 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிமுகமான இவ்வண்டி, தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என அழைக்கப்படுகிறது. தொடக்கத்தில் இதன் சுமை அளவு முக்கால் டன். ரிம்மின் விட்டம் 12 அங்குலம். இதைவிடப் பெரிய மகிந்திரா பொலேரோ பிக்கப் போன்றவை ஒரு டன்னுக்கு மேற்பட்ட சுமைக்கென அமைந்தவை. 2016ஆம் ஆண்டில் வந்த இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ், 2022ஆம் ஆண்டில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவை சொந்தப் பயணத்தை முதன்மையாகக் கருதியவை. இவ்வண்டிகளின் பெரிய அலாய் சக்கரங்களைக் கண்டு, சுமை வண்டிகளின் உரிமையாளர்களும் அவற்றை விரும்புவது உண்டு.

டயரில் உள்ள குறியீடுகள்

டயரின் பக்கச்சுவரில் அதன் அளவும் திறனும் அச்சிடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக 215/75 R15 என்ற குறியீட்டில்,

215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
75 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தின் விழுக்காட்டில். இங்கு இது ஏறத்தாழ 161 மி.மீ. ஆகும்.
R என்பது ரேடியல் அமைப்பைக் குறிக்கும்.
15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இதனை அடுத்து வரும் எண் சுமைக் குறியெண் ஆகும். இது நேரடி எடையன்று. அட்டவணையில் பார்த்து அறிய வேண்டியது. 86 என்பது ஒரு டயருக்கு 530 கி.கி., 100 என்பது 800 கி.கி., 106 என்பது 950 கி.கி., 112 என்பது 1120 கி.கி. ஆகும். எண்ணுடன் சேர்ந்து வரும் எழுத்து உச்ச வேகத்தைக் குறிக்கும். Q என்பது மணிக்கு 160 கி.மீ., S என்பது 180 கி.மீ. ஆகும்.

சரக்கு வண்டி டயர்களில் LT அல்லது C என்ற எழுத்தும், 8PR போன்ற பிளை எண்ணும் காணப்படும். முற்காலத்தில் பிளை எண் டயரினுள் இருந்த பருத்தித் துணி அடுக்குகளின் எண்ணிக்கையைக் குறித்தது. இன்று அது வலிமையின் அளவுகோல் மட்டுமே; எட்டுப் பிளை டயரில் எட்டு அடுக்குகள் இருப்பதில்லை.

உற்பத்திக் காலம் நான்கு இலக்கங்களில் தரப்படும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் எனக் கொள்ள வேண்டும். பட்டன் தேயாத பழைய டயரை வாங்கும்போது இவ்வெண்ணைப் பார்ப்பது இன்றியமையாதது, ஏனெனில் ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் முதுமையடைகிறது.

மொத்த விட்டம்

ரிம்மின் விட்டத்தை 25.4ஆல் பெருக்கி, அதனுடன் பக்கச்சுவர் உயரத்தின் இருமடங்கைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். ரிம் பெரிதாகும்போது பக்கச்சுவரைக் குறைத்து மொத்த விட்டத்தை ஏறத்தாழ மாறாமல் வைத்துக்கொள்வதே முறையான மாற்றமாகும். 215/75 R15 டயருடன் வேறு சில அளவுகளின் ஒப்பீடு வருமாறு:

215/75 R15: 703.5 மி.மீ.
215/70 R16: 707.4 மி.மீ. (0.6 விழுக்காடு மிகுதி)
225/60 R17: 701.8 மி.மீ. (0.2 விழுக்காடு குறைவு)
235/75 R15: 733.5 மி.மீ. (4.3 விழுக்காடு மிகுதி)
265/70 R16: 777.4 மி.மீ. (10.5 விழுக்காடு மிகுதி)

வேறுபாடு மூன்று விழுக்காட்டுக்குள் இருத்தல் நலம் என்பது பொதுவான வழக்கு. விட்டம் மிகுந்தால் வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மேற்கண்ட கடைசி அளவில், வேகமானி 60 கி.மீ. எனக் காட்டும்போது வண்டி 66 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இழுவிசை குறையும், பிரேக் அதே அழுத்தத்தில் குறைந்த பயனையே தரும், முன்சக்கரம் திரும்பும்போது மட்கார்டில் உரசக்கூடும்.

நிறுவனங்களே இம்முறையைப் பின்பற்றுகின்றன. டொயோட்டா ஹைலக்ஸ் வண்டி 265/65 R17, 265/60 R18 ஆகிய இரு அளவுகளிலும் வருகிறது. முதலாவதன் விட்டம் 776.3 மி.மீ.; இரண்டாவதன் விட்டம் 775.2 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் பெரிதாகியும் டயரின் விட்டத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே வேறுபடுகிறது.

சுமைத்திறன்

டயரில் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் ரப்பரன்று. அதனுள் அழுத்தி அடைக்கப்பட்ட காற்றேயாகும். ரிம் பெரிதாகிப் பக்கச்சுவர் குறுகும்போது காற்றுக்கான இடம் குறைகிறது. அகலத்தைக் கூட்டி இதனை ஓரளவே ஈடுசெய்ய இயலும். அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமாயின் அதனைத் தாங்கும் கட்டமைப்பு டயரில் இருக்க வேண்டும்.

எட்டுப் பிளை வலிமையுடைய LT215/75 R15 டயர், சதுர அங்குலத்துக்கு 65 பவுண்டு அழுத்தத்தில் 950 கி.கி. தாங்கும். அதற்கு விட்டத்தில் மிக நெருங்கிய 225/60 R17 டயர் கார்களுக்கு உரியது. அதன் சுமைக் குறியெண் 99, அதாவது 775 கி.கி. மட்டுமே. பின் அச்சில் 1800 கி.கி. அமரும் ஒரு வண்டியில், முதல் வகை டயர் இரண்டும் சேர்ந்து 1900 கி.கி. தாங்கும், இரண்டாம் வகை இரண்டும் சேர்ந்து 1550 கி.கி. மட்டுமே தாங்கும். விட்டக் கணக்கில் குறையே இல்லாத இத்தேர்வு, சுமைக் கணக்கில் 250 கி.கி. பற்றாக்குறையில் முடிகிறது. மேலும், கார் டயரைச் சரக்கு வண்டியில் பொருத்தும்போது அதன் சுமைத்திறனை 1.1ஆல் வகுத்துக் கொள்வது அமெரிக்க நடைமுறையாகும். அவ்வாறு கணக்கிட்டால் பற்றாக்குறை இன்னும் மிகும்.

மிகைச்சுமை ஏற்றிய டயர் உடனே வெடிப்பதில்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவர் அளவுக்கு மீறி வளைந்து நிமிர்கிறது. அதனால் வெப்பம் உண்டாகிறது. வெப்பத்தால் அடுக்குகளைப் பிணைக்கும் ரப்பர் தளர்கிறது. பல பயணங்களுக்குப் பின் ஒருநாள் வேகமாகச் செல்லும்போது அடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கிறது. பொருத்திய அன்று சிக்கலின்றி ஓடியது என்பது தேர்வு சரியானது என்பதற்குச் சான்றாகாது.

ரிம்மின் பொருத்தம்

ஒவ்வொரு டயருக்கும் உரிய ரிம் அகலம் வரையறுக்கப்பட்டுள்ளது. குறுகிய ரிம்மில் அகல டயரைப் பொருத்தினால் நடுப்பகுதி மட்டும் தேயும். அகல ரிம்மில் குறுகிய டயரைப் பொருத்தினால் பக்கச்சுவர் இழுபட்டுக் கல்லிலும் குழியிலும் எளிதில் அடிபடும்.

போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் வண்டியின் அச்சுத் தலைக்கு ஒத்திருக்க வேண்டும். ஹைலக்ஸ் வண்டியில் ஆறு போல்ட்டுகள் 139.7 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்துள்ளன. நடுத்துளையின் அளவும், ஆஃப்செட் எனப்படும் உள்தள்ளலும் பொருந்த வேண்டும். சக்கரம் அளவுக்கு மீறி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பேரிங்கின் மீது கூடுதல் பளு விழும்; ஸ்டியரிங் கனக்கும்.

ரிம்முக்கும் சுமை வரம்பு உண்டு. அலாய் ரிம்களில் அது பெரும்பாலும் உட்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். சப்பானியத் தரமுறையில் JWL என்ற முத்திரை கார்களுக்கும், JWL-T என்பது சரக்குந்து, பேருந்து ஆகியவற்றுக்கும் உரியது. அலாய் ரிம்முக்கு அதற்குரிய நட்டுகளையே பயன்படுத்த வேண்டும். பொருத்திய பின் முதல் நூறு கி.மீ. அளவில் நட்டுகளை மீண்டும் இறுக்கிச் சரிபார்த்தல் வேண்டும்.

ஜெகதாப்பட்டினத்தில் பயன்பாடு

ஜெகதாப்பட்டினம், பாக்கு நீரிணைக் கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த மீனவ ஊராகும். அருகிலுள்ள கோட்டைப்பட்டினத்துடன் சேர்ந்து புதுக்கோட்டை மாவட்டத்தின் முதன்மையான விசைப்படகுத் துறையாக விளங்குகிறது. இறங்கும் மீன், இறால், நண்டு ஆகியவை பனிக்கட்டியிட்டு உள்நாட்டுச் சந்தைகளுக்குச் சாலை வழியே கொண்டு செல்லப்படுகின்றன. இங்குள்ள சூழலில் மூன்று கூறுகள் டயர் தேர்வைப் பாதிக்கின்றன.

முதலாவது, பனிக்கட்டியின் எடை. வெப்பமான பகுதிகளில் ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு பனிக்கட்டி இடுவது பரிந்துரைக்கப்பட்ட அளவாகும். 700 கி.கி. மீன் ஏற்றிய வண்டியில் உண்மையில் 1400 கி.கி. எடையும், அதற்கு மேல் பெட்டிகளின் எடையும் உள்ளன. விலை மீனுக்கே என்பதால் மீனின் எடை நினைவில் நிற்கிறது. பனிக்கட்டியின் எடை மறக்கப்படுகிறது. வழியில் பனிக்கட்டி உருகி நீர் வடிவதால், சந்தையில் இறக்கும்போது காணப்படும் எடை டயர் தாங்கிய எடையைவிடக் குறைவாகவே இருக்கும். புறப்படும்போதுள்ள எடையையே கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உப்பு. உப்பு கலந்த நீர் பின்தட்டிலிருந்து சக்கரங்களின் மேல் சொட்டுகிறது. கடற்காற்றிலும் உப்பு உள்ளது. இரும்பு ரிம்மில் டயரின் விளிம்பு அமரும் பகுதி துருப்பிடித்தால் டியூபில்லா டயரில் காற்று மெல்லக் கசியும். அலாய் ரிம்மில் பூச்சு கீறப்பட்ட இடங்களில் அரிப்புத் தோன்றும்; குரோம் பூச்சு உரிந்துவிடும். நல்ல நீரில் சக்கரங்களை உட்புறமும் கழுவுதலே எளிய பாதுகாப்பாகும்.

மூன்றாவது, விரைவு. மீன் கெடுமுன் சந்தையை அடைய வேண்டியிருப்பதால் வண்டிகள் இரவிலும் விடியற்காலையிலும் விரைந்து செல்கின்றன. சுமை, வேகம், காற்றுக் குறைவு ஆகிய மூன்றும் ஒருங்கு சேரும்போது டயரின் வெப்பம் மிக விரைவாக ஏறுகிறது. எனவே வண்டி ஓடித் தொடங்குமுன், டயர் குளிர்ந்த நிலையில் காற்றழுத்தம் பார்க்கப்பட வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் மிகுந்து காட்டும் என்பதற்காகக் காற்றை இறக்கிவிடுதல் தவறாகும்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் நிலவுகிறது. 2017க்கு முன்னர் இது 45 நாட்களாக இருந்தது. வேலை குறைந்த இக்காலம், சக்கரங்களைக் கழற்றித் துருவையும் டயரின் உட்புறத்தையும் சோதிக்க ஏற்றதாகும்.

சட்ட நிலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டு சனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94ஆம் விதி டயரின் நிலை பற்றியும், 95ஆம் விதி அதன் அளவு, பிளை எண் ஆகியவை பற்றியும் கூறுகின்றன. நான்கு சக்கர வண்டிகளில் பட்டனின் ஆழம் 1.6 மி.மீட்டருக்குக் குறையலாகாது. 2009ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, வண்டி டயர்கள் இந்தியத் தர முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். கார் டயர்களுக்கு ஐஎஸ் 15633, வணிக வண்டி டயர்களுக்கு ஐஎஸ் 15636 ஆகியவை உரிய தரங்களாகும். டயர் எந்த வகை வண்டிக்கு உரியது என்பதை இம்முத்திரையைக் கொண்டும் அறியலாம்.

தேர்வின் வரிசை

சுமை வண்டிக்கு டயர் தேரும்போது பின்வரும் வரிசை பொருத்தமானது:

1. முழுச் சுமையுடன் வண்டியை எடைமேடையில் நிறுத்தி, முன் அச்சு, பின் அச்சு எடைகளைத் தனித்தனியே அறிதல்.
2. ஒவ்வோர் அச்சின் எடையையும் இரண்டால் வகுத்து, அதற்குக் குறையாத சுமைக் குறியெண்ணைத் தெரிதல். இது தொழிற்சாலை டயரின் குறியெண்ணுக்கும் குறையலாகாது.
3. அத்தகைய டயர்களுள் மொத்த விட்டம் பொருந்துவதைத் தெரிதல்.
4. அந்த டயருக்கு உரிய அகலமும் சுமை வரம்பும் கொண்ட ரிம்மைத் தெரிதல்.
5. ஸ்டெப்னியையும் அதே அளவில் வைத்துக்கொள்ளல். ஒரே அச்சில் இரு வேறு விட்டங்கள் இருந்தால் டிஃபரன்ஷியல் தேயும்.

கடைகளில் பொதுவாக இவ்வரிசை தலைகீழாக நிகழ்கிறது. முதலில் கண்ணுக்குப் பிடித்த ரிம் வாங்கப்படுகிறது; பின்னர் அதில் ஏறும் டயர் தேடப்படுகிறது. பெரிய ரிம்களுக்குக் கிடைக்கும் டயர்களில் பல கார்களுக்கு உரியவை என்பதால், இவ்வாறு வாங்குவோருக்குச் சுமைத்திறன் குறைந்த டயரே அமைய நேர்கிறது. தேவையான சுமைக் குறியெண் பெரிய அளவில் கிடைக்கவில்லையெனில், தொழிற்சாலை அளவிலேயே நிற்பதுதான் பாதுகாப்பான முடிவாகும்.