எச் திட்டம்

எச் திட்டம், 15 முதல் 24 வயது வரையுள்ள இளைஞர்களுக்காகப் பிரேசிலில் உருவான கல்வித் திட்டம். ஆண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வீடும் தெருவும் சொல்லித் தந்ததை, இளைஞர்கள் தாங்களே கையிலெடுத்துப் புரட்டிப் பார்க்க வைப்பது இதன் வேலை. போர்த்துகீசிய மொழியில் ஆண்களைக் குறிக்கும் ‘ஓமென்ஸ்’, ஸ்பானிய மொழியில் ‘ஓம்ப்ரெஸ்’ ஆகிய இரண்டு சொற்களுக்கும் எழுத்தில் முதலெழுத்து எச்; ஒலிப்பில் அது வராது. திட்டத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. ரியோ டி ஜெனிரோவில் 1997இல் தொடங்கப்பட்ட புரோமுண்டோ என்ற அமைப்பு, சாவோ பாவ்லோவின் ஈகோஸ், ரெசிஃபியின் பப்பாய் (பிரேசிலில் பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடும் சொல்), மெக்சிகோவின் சலூத் இ ஹெனெரோ ஆகியவற்றோடு சேர்ந்து இதை வடிவமைத்தது. கையேடுகள் 2002இல் வெளிவந்தன.

தோற்றம்

புரோமுண்டோவை நிறுவியவர்களில் ஒருவரான கேரி பார்க்கர் 1990களின் பிற்பகுதியில் ரியோவின் ஃபவேலாக்களில் ஆய்வு செய்தார். ஃபவேலா என்பது மலைச்சரிவுகளிலும் நகர விளிம்புகளிலும் நெருக்கியடித்துக் கட்டிய ஏழைக் குடியிருப்பு. போதைப்பொருள் கும்பல்களும் காவல்துறையும் மோதும் இடங்கள் அவை. துப்பாக்கியால் சாகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இளம் ஆண்கள். அங்கே ஆய்வுக்குப் போகிற எவரும் முதலில் கேட்கக்கூடிய கேள்வி, ‘இவர்கள் ஏன் இப்படி ஆனார்கள்?’ என்பதுதான். பார்க்கர் வேறொன்றையும் சேர்த்துக் கேட்டார்: அதே சந்தில், அதே வறுமையில் வளர்ந்தும் கும்பலில் சேராமல், காதலியை அடிக்காமல், பிள்ளையைத் தூக்கி வளர்க்கிற சிலர் இருக்கிறார்களே, அவர்கள் எப்படி அப்படி ஆனார்கள்?

அவர்களோடு நெடுநேரம் பேசியதில் சில பொதுத்தன்மைகள் தெரிந்தன. பலருக்கும் அப்பாவோ, மாமாவோ, தாத்தாவோ, அக்கம்பக்கத்தவரோ வேறு மாதிரி வாழ்ந்துகாட்டிய ஒருவர் இருந்தார். வன்முறை என்ன செய்யும் என்பதை வீட்டிலேயே பார்த்து, அதைப் பற்றி யோசித்திருந்தார்கள். தங்களைப் போலவே நினைக்கும் நண்பர்கள் சிலருக்கு வாய்த்திருந்தார்கள். இந்த ஆய்வை 2005இல் பார்க்கர் நூலாகவும் வெளியிட்டார். எச் திட்டம் முழுவதும் இந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது. அன்பான ஆணை யாரும் வெளியூரிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அவன் ஏற்கெனவே அந்தத் தெருவில் இருக்கிறான், தனியாக இருக்கிறான். அவனுக்குத் துணை சேர்ப்பதே வேலை. ஆண்களைத் திருத்தக் கிளம்பிய எத்தனையோ முயற்சிகள் குற்றவாளியைத் தேடிக்கொண்டு போயின. இது நல்லவனைத் தேடிப்போனது. இதன் பலம் அதுவே.

செயல்முறை

ரியோவில் குழுக்கள் வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், ஏறக்குறைய ஆறு மாதம் கூடின. நடத்தியவர்கள் ஆண்கள். பாலியலும் இனப்பெருக்க நலமும், தந்தைமையும் பராமரிப்பும், வன்முறையிலிருந்து சேர்ந்து வாழ்தலை நோக்கி, அறிவும் உணர்ச்சியும், எச்ஐவி தடுப்பு என ஐந்து கையேடுகள். அவற்றில் ஏறத்தாழ 70 பயிற்சிகள். சொற்பொழிவு இல்லை.

ஒரு பயிற்சியை மட்டும் அருகில் நின்று பார்க்கலாம். அறைக்குக் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டுகிறார்கள், துணி காயப்போடும் கொடி மாதிரி. ஒவ்வொருவருக்கும் நான்கு தாள். என் மேல் நடந்த வன்முறை ஒன்றில். நான் பிறர் மேல் செய்தது இன்னொன்றில். செய்யும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்பது மூன்றாவதில். எனக்கு நடக்கும்போது எப்படி இருக்கிறது என்பது கடைசியில். ஓரிரு சொல் போதும். எழுதியதைக் கொடியில் மாட்டிவிட்டு, என்ன எழுதினோம் என்று எழுந்து சொல்ல வேண்டும். முதல் தாள் சீக்கிரம் நிரம்பிவிடும். தெருவில் வாங்கிய அடியைச் சொல்வதில் யாருக்கும் தயக்கமில்லை. வீட்டுக்குள் வாங்கிய அடியைச் சொல்ல நேரமாகும். ‘நான் செய்தது’ என்ற தாளில்தான் பேனா நிற்கும். நடத்துபவருக்குப் பொறுமை வேண்டிய இடமும் அதுவே. தான் பட்டதையும் தான் செய்ததையும் ஒரே கொடியில் பக்கத்துப் பக்கத்தில் பார்ப்பவனுக்கு, இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பை வேறு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

கையேடுகளோடு வசனமே இல்லாத ஒரு கார்ட்டூன் படமும் உண்டு. ஜோவாவ் என்ற பையன் பிறந்து, வளர்ந்து, காதலித்து, தகப்பனாகும் கதை. ஆணுக்கு ஆகாதது என்று கருதப்படும் எதையாவது அவன் செய்யப்போனால் ஒரு பென்சில் வந்து குறுக்கிட்டு மாற்றி வரைகிறது. பேச்சு இல்லாததால் எந்த நாட்டிலும் மொழிபெயர்ப்பின்றித் திரையிட முடிகிறது. ஆணுறைப் பயன்பாட்டை ஊக்குவிக்க, ‘ஓரா அகா’, அதாவது ‘எச் நேரம்’ என்ற பெயரில் ஒரு விளம்பர இயக்கமும் நடந்தது. சரியான சமயம், முக்கியமான கணம் என்று பொருள்படும் மரபுத்தொடர் அது.

அளவிடுதல்

மனமாற்றத்தை எப்படி அளப்பது? ஆய்வாளர் ஜூலி புலர்விட்ஸும் பார்க்கரும் 24 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். குழந்தையைக் குளிப்பாட்டுவது தாயின் வேலை மட்டுமா, குடும்பம் உடையாமலிருக்க மனைவி அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்பன போன்றவற்றுக்கு இளைஞர்கள் எந்த அளவு உடன்படுகிறார்கள் என்று அது பார்க்கிறது. ரியோவின் பாங்கு, மரே ஆகிய இரண்டு பகுதிகளில் திட்டத்தை நடத்தி, அப்போது திட்டம் நடக்காத மூன்றாவது பகுதியான மோஹோ தோஸ் மக்காக்கோஸோடு ஒப்பிட்டார்கள். திட்டம் நடந்த இரண்டு இடங்களிலும் சமத்துவமற்ற கருத்துகளுக்கான ஆதரவு குறைந்தது. பால்வினை நோய் அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னவர்களும் குறைந்தார்கள். இந்த அளவுகோல் பிறகு பல நாடுகளுக்குப் போனது. ஐ.நா. அமைப்புகள் ஆறு நாடுகளில் சுமார் 10,000 ஆண்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்விலும் இதன் தழுவல் பயன்பட்டது. ஆறில் இலங்கையும் ஒன்று.

மும்பையில்

இந்தியாவில் பாப்புலேஷன் கவுன்சில் என்ற ஆய்வு அமைப்பும் மும்பையின் கோரோ அமைப்பும் இதை ‘யாரி தோஸ்தி’ என்ற பெயரில் தழுவின. குடிசைப்பகுதி இளைஞர்களே பயிற்சி பெற்று மற்றவர்களுக்கு நடத்தினார்கள். தெரு நாடகமும் சுவரொட்டியும் சேர்ந்துகொண்டன. அங்கே எழுந்த முழக்கம் ‘சோச் சஹி, மர்த் வஹி’: சரியாக நினைப்பவனே ஆண்.

முழக்கம் எடுப்பாக இருக்கிறது. ஆனால் தமிழில் வாசிக்கும் நமக்கு இதில் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வர வேண்டும். பிறன் மனைவியை விரும்பி நோக்காமையைத் திருக்குறள் ‘பேராண்மை’ என்கிறது. சொல்லை வைத்துக்கொண்டு பொருளை மேலே தூக்குகிறது. பெரியாரோ 1928இல் குடிஅரசு இதழில், பெண் விடுதலைக்கு ‘ஆண்மை’ என்பதே அழிய வேண்டும் என்று எழுதினார். மும்பை முழக்கம் முதல் வழியில் போனது. நல்லவனுக்கு ‘உண்மையான ஆண்’ என்று பட்டம் கொடுத்தாலும், ஆண் என்பது வெல்ல வேண்டிய பட்டமாகவே நின்றுவிடுகிறது என்ற எதிர்ப்பு நியாயமானது. பதினாறு வயதுப் பையனை அறைக்குள் அழைத்துவர அந்தச் சொல் உதவலாம். உள்ளே வந்த பிறகு அதைக் கழற்றி வைக்க வேண்டும்.

குறைகள்

இளைஞன் தாளில் எழுதுவதும் வீட்டில் செய்வதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எதிர்பார்க்கப்படும் விடையைப் பயிற்சி முடிவதற்குள் எவரும் கற்றுக்கொண்டுவிடலாம். பெண்கள் அமைப்புகளுக்குப் போக வேண்டிய பணம் ஆண்களுக்குப் போகிறது என்ற கவலையும் உண்மையானது. ஆண் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் கேட்காமல், அவனோடு வாழும் பெண்ணைக் கேட்பதே சரியான சோதனை.

ருவாண்டாவில் அந்தச் சோதனை நடந்தது. இத்திட்டத்தின் வழிவந்த, தகப்பன்களுக்கான ‘பி திட்டம்’ அங்கே ‘பண்டெபெரெஹோ’ என்ற பெயரில் இயங்கியது. ருவாண்ட மொழியில் அதற்கு முன்மாதிரி என்று பொருள். இளம் தகப்பன்களுக்கு 15 அமர்வுகள். அவற்றில் எட்டில் மனைவியும் உடனிருந்தார். 21 மாதம் கழித்துப் பெண்களிடம் தனியே கேட்டார்கள். கடந்த ஓராண்டில் கணவன் அடித்ததாகச் சொன்னவர்கள், திட்டத்தில் சேராத குடும்பங்களில் 57 சதவீதம், சேர்ந்த குடும்பங்களில் 33 சதவீதம். முடிவுகள் 2018இல் வெளியாயின. ஆறு ஆண்டுகளுக்குப் பின் திரும்பப் போய்க் கேட்டபோதும் அந்த வித்தியாசம் அழியாமல் இருந்தது.